கழலாத மகுடம் குறித்துக் கானலம்பட்டினத்து அரசருக்கு

திரு நிலவுக. துறைதோறும் நீர் நிறைக.

மேலைக் கடலில் மீன்கொடி உயர்த்தியவரும், புயற்காலத்தும் கலங்கரை விளக்கை அணையவிடாதவரும், நேற்று வந்தவனுக்கும் நெடுநாள் இருப்பவனுக்கும் ஒரே பந்தியில் இலை போடுகிறவருமாகிய கானலம்பட்டினத்து அரசர் கடலாடி வேளார் திருச்சமுகத்துக்கு, ஏழ்துறை நாட்டு ஓதமங்கலத்து அமைச்சன் பெருஞ்சாத்தன் தலைவணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடி தழைப்பதாக. தங்கள் உப்பளம் வெளுப்பதாக. தங்கள் சர்வர் ஒருநாளும் படுக்காதிருப்பதாக.

தங்கள் தூதர் இளம்பரிதியார் நலமே வந்து சேர்ந்தார். வழியில் கள்வர் மறித்ததாகவும், அவர்களில் ஒருவருக்குத் திரைக்கு வெளியே, தம் வீட்டில் விருந்தாளி வந்துவிட்டதால் கொள்ளை பாதியில் நின்றதாகவும் சொன்னார். அவர் கொணர்ந்த கேள்வி இது. நாம் கணினித் திரையில் ஆடும் இந்த ஆட்டத்தைச் செய்த சிற்பிகள், பிளாக்செயின் என்னும் ஏற்பாட்டைத் தங்கள் நாட்டுக்கும் நீட்ட விரும்புகிறார்கள். சம்மதித்தால் வாள், வீடு, படகு, பட்டம் யாவும் டோக்கன்கள் என்னும் உரிமைச் சீட்டுகளாகி, அவரவர் பெயரில், அவரவர் வாலட் என்னும் பையில் என்றென்றும் நிற்கும். வேடம் புனைந்து வாழும் ஓர் ஆட்டத்துக்கு இது பொருந்துமா பொருந்தாதா என்று, முதலில் அதைத் தழுவிக்கொண்ட எங்களிடம் தாங்கள் கேட்டிருக்கிறீர்கள். தூதர் இன்னொன்றும் கேட்டார். ஓதமங்கலத்து அரியணை ஏன் வெறிதாய்க் கிடக்கிறது, அரசியார் முகிழ்நங்கைத் தேவியார் எங்கே என்று. இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே ஆதலின் இவ்வோலை சற்று நீளும். பொறுத்தருள்க.

அரசே, நம் நாடுகள் எத்தகையவை என்பதை நாம் இருவரும் அறிவோம். திரைக்கு உள்ளே கோட்டையும் கொடியும். திரைக்கு வெளியே அவரவர் பிழைப்பு. உள்ளே அமைச்சனாகிய நான் வெளியே ஒரு கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கிறவன். ஒவ்வொரு பார்சலும் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்று பகல் முழுதும் ஸ்கேன் செய்வது என் தொழில். அந்தியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏழ்துறைக்குள் காலடி வைத்தால், எந்தப் பொருளின் பூர்வோத்தரமும் யாரும் கேட்க மாட்டார்கள். கீழே கிடந்த வாளை ஒருவன் எடுப்பான். அடுத்த வாரம் அது வேறொருவன் இடையில் தொங்கும். முந்தியவன் அதைப் பார்த்து, நல்ல வாள் என்று புகழ்ந்துவிட்டுப் போவான். அந்த மறதி எனக்கு எத்தனை இதமாக இருந்தது என்று அப்போது தெரியவில்லை.

அப்படியானால் பிளாக்செயினை ஏன் ஏற்றீர்கள் என்று தாங்கள் கேட்பது நியாயமே. எங்களில் பெரும்பாலோர் முன்பு வேறோர் ஆட்டத்தில் குடியிருந்தவர்கள். அதை நடத்திய நிறுவனம் ஒரு மாலை ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு மூடிப் போயிற்று. கட்டிய வீடு, வளர்த்த குதிரை, வென்ற விருது எல்லாம் ஒன்றாகப் போயின. எங்கள் கருவூலத் தலைவியார் மருதங்கண்ணி அங்கே ஒரு மாளிகை எழுப்பியவர். வெளியே அவர் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். சபையில் அவர் அவைத்தமிழை விட்டுவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “நான் பாத்துப் பாத்துக் கட்டின வீடுங்க. எவனோ ஒருத்தன் சுவிட்ச அமத்திட்டுப் போயிட்டான். கேக்க நாதி இல்ல.”

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நாங்கள் சூடு கண்டவர்கள். பிளாக்செயின் என்பது, பலர் வீட்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும் பதிவு என்றும், ஒரு பதிவு அடுத்த பதிவோடு சங்கிலிக் கண்ணிபோல் பூட்டப்பட்டது என்றும், ஒருவர் தம்மிடமுள்ள பிரதியைத் திருத்தினால் மற்றவர் பிரதிகள் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும் என்றும் சிற்பிகள் விளக்கினார்கள். நிறுவனமே மூடினாலும் பதிவு நிற்கும் என்றார்கள். பறிகொடுத்தவர்களுக்கு அதைவிட இனிய சொல் ஏது. சபையில் கை உயர்த்தாதவர் ஒருவரும் இல்லை. பட்டா நிற்கும், சரி, வீடு நிற்குமா என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இனி அரசியாரைப் பற்றி. முகிழ்நங்கைத் தேவியார் திரைக்கு வெளியே யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை. அவர் குரலுக்குப் பின்னால் சில மாலைகளில் குக்கர் கூவும். சில மாலைகளில் பஸ் ஹாரன் கேட்கும். அவ்வளவே. வழக்கு விசாரிக்கையில் இரு தரப்பும் பொய் சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் கோபிக்க மாட்டார். “நல்லாருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க” என்பார். இரண்டாம் தடவை சொல்வதற்குள் பொய்யர்களுக்கே சிரிப்பு வந்துவிடும். அவர் தீர்ப்புச் சொன்ன வழக்குகளைவிடச் சிரிப்பில் கரைந்த வழக்குகளே மிகுதி.

ஏழ்துறையில் முடிகழற்று நாள் என்றொரு வழக்கம் இருந்தது. பௌர்ணமிதோறும் அரசியார் நடுத்துறைப் படியில் மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, விரும்பிய வேடம் பூண்டு ஊருக்குள் கலந்துவிடுவார். ஒருமுறை மீன் விற்றார். ஒருமுறை பொய்ச் சோதிடம் சொல்லிப் பாதிப் படையைப் பயமுறுத்தினார். ஒருமுறை என் வீட்டிலேயே கன்னம் வைத்து அகப்பட்டு, என் ஆணையாலேயே சிறையில் அடைபட்டார். அன்று அவரை அரசி என்று விளிப்பது குற்றம். படியில் கிடக்கும் மகுடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் சூடலாம். ஒரு கடற்கொள்ளைக்காரர் சூடிக்கொண்டு, ஊரார் யாவரும் பின்னோக்கியே நடக்க வேண்டும் என்று ஆணையிட, நான் குளத்தில் விழுந்தேன். மறுநாள் மகுடம் படிக்கே திரும்பி வந்துவிடும். திருப்பி வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் இயற்றியதில்லை, வைக்காதவரும் இல்லை.

அரசியார் பட்டமேற்ற நாளின் ஆண்டு நிறைவு வந்தபோது, அவருக்கு என்ன காணிக்கை செலுத்துவது என்று ஊர் கூடி ஆலோசித்தது. முத்தும் பட்டும் அவருக்கு எதற்கு. மகுடத்தையே கொடுப்போம் என்று மருதங்கண்ணியார் சொல்ல, அவை ஆர்ப்பரித்தது. அவர் பெயரோடு பிணைத்து, விற்கவும் பறிக்கவும் கைமாற்றவும் இயலாத டோக்கனாக அதைச் செய்து தரும்படி வேண்டினோம். சிற்பிகள் மகிழ்ந்து செய்து கொடுத்தார்கள். வாணவேடிக்கை நிகழ்ந்தது. அரசியார் மகுடத்தை இரு கைகளாலும் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லார்க்கும் நன்றி சொன்னார். ஆனந்தத்தில் தொட்டுப் பார்க்கிறார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அன்பு மிகுதியில் எங்கள் ஊருக்கு எங்கள் வழக்கமே மறந்துபோயிற்று.

அடுத்த பௌர்ணமியில் அவர் நடுத்துறைப் படிக்கு வந்தார். மகுடம் கழலவில்லை. இது என்றென்றும் தங்களுக்கே உரியது என்று திரையில் ஒரு வரி வந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். மகுடத்தோடேயே மீன்கூடையைத் தூக்கினார். கம்ப்யூட்டர் இயக்கும் காவலர்கள், மகுடம் கண்ட இடமெல்லாம் வழிவிலக்கி மண்டியிட்டார்கள். மீன் வாங்க வந்தவர்கள் பேரம் பேசாமல் காலில் விழுந்தார்கள். திருடலாம் என்று ஒரு வீட்டின் முன் நின்றார். கதவு தானே திறந்து கொண்டது. கடைசியில் ஒரு படகில் ஏறித் துடுப்பைத் தொட்டார். காவலர் நால்வர் குதித்து ஏறி அதை வாங்கிக்கொண்டார்கள். படகு நடுவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. பிறகு அவர் பேசினார். அதை அவைத்தமிழில் மாற்ற எனக்கு மனமில்லை. “வெளியிலதான் நாள் பூரா ஒரே ஆளா இருக்கேன். இங்கயுமா?”

சிற்பிகளிடம் முறையிட்டோம். மரியாதையாகவே மறுமொழி வந்தது. தம்மாலும் அதைக் கழற்ற இயலாதென்றும், எவராலும் இயலாதபடி செய்யச் சொன்னவர்கள் நாங்களே என்றும், ஒருவர் மகுடத்துக்காகப் பூட்டை உடைத்தால் எல்லார் வீட்டுப் பூட்டும் உடைந்ததாகிவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். அதில் குற்றம் காண எனக்கு வழி இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அதன்பின் சில நாள் வந்தார். வழக்குகளைக் கேட்டார், முறையாகத் தீர்ப்புச் சொன்னார், சிரிப்பில் ஒன்றும் கரையவில்லை. பிறகு, உள்ளே இருக்கிறார் என்று காட்ட அவர் பெயருக்கு நேரேயிருந்த பச்சை விளக்கு அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான்.

அரசே, அமைச்சன் என்பவன் உள்ளத்தை மறைத்துப் பேசப் பழகியவன். ஆயினும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அந்தியில் உள்ளே வந்ததும் முதலில் அந்தப் பெயரைத்தான் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் குக்கர் கூவினால், அவை கூடிவிட்டது என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்காருகிறேன். பார்சல் மேல் பெண்பெயர் எழுதியிருந்தால், இந்தக் கையெழுத்துக்கு அந்தக் குரல் இருக்குமோ என்று நினைத்து, வேலை தாமதமாகிறதென்று மேனேஜரிடம் பேச்சு வாங்குகிறேன். ஆளைக் காணோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது. பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஊர் தெரியாது. குரல் மட்டும் தெரியும் என்றால் சிரிப்பார்கள். ஏங்குவதற்குக்கூட ஓர் உறவுமுறை வேண்டியிருக்கிறது இந்த உலகத்தில். எனக்கு அது இல்லை.

சில மாதம் கழித்து, கடைத்துறையில் உப்பு விற்க ஒரு புதியவள் வந்தாள். அதிகம் பேசாதவள். ஒருநாள் அவள் எதிரே இரு வணிகர்கள் எடையைப் பற்றிப் பொய்யும் புளுகுமாய்ச் சண்டையிட்டபோது, நல்லாருக்கு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாளாம். அவ்வளவுதான். தேவி வந்துவிட்டார் என்று ஒருவன் கூவினான். ஊரே ஓடியது. கூரியர் ஆபீசில் உணவு இடைவேளையில் செய்தி கண்டு போனில் உள்ளே நுழைந்த நானும் ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது உப்பு மூட்டையைச் சுற்றி ஜனங்கள் விழுந்து கும்பிட்டுக் கிடந்தார்கள். ஒருவர் மாலை போட்டார். ஒருவர் திரும்பி வந்துவிடும்படி அழுதார். அவள் அசையாமல் நின்றாள். பிறகு இருந்த இடத்தில் இல்லை. மறுபடி வரவுமில்லை.

அவர்தாமா என்று இன்றுவரை தெரியாது. அவர் இல்லையென்றாலும், உப்பு விற்க ஆசைப்பட்டு வந்த ஒருத்தியை நாங்கள் உப்பு விற்க விடவில்லை. மகுடத்தைப் பூட்டியது சிற்பிகளின் சங்கிலி. இவளைப் பூட்டியது எங்கள் கண்கள். எதையும் யாருடையது என்று பார்த்துப் பார்த்து, ஆளையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம். இப்போதெல்லாம் கீழே கிடக்கும் வாளை யாரும் எடுப்பதில்லை. முதலில் அதன் வரலாற்றைத் திறந்து படிக்கிறார்கள்.

இந்த மாதம் சபை மீண்டும் கூடியது. பிளாக்செயினை அடியோடு விலக்க வேண்டும் என்றார்கள் பலர். மருதங்கண்ணியார் மறுத்தார். தேவியார் திரும்புவதற்குத் தம் வீட்டைக் கேட்டால் இன்றே கொடுப்பதாகவும், ஆனால் முன்பு எல்லாவற்றையும் இழந்தவர்களிடம் மறுபடியும் எல்லாவற்றையும் கேட்பது அறமாகாது என்றும் கண்ணீரோடு வாதிட்டார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அப்போது சிற்பிகளின் ஆள் ஒருவர் ஒரு வழி சொன்னார். மகுடத்தை எடுக்க இயலாது, ஆனால் மகுடத்தைக் கண்டு காவலர் வணங்குவதும், கதவு திறப்பதும் சிற்பிகள் எழுதிய விதிகள், அவற்றை நீக்கிவிடலாம், மகுடம் தலையில் இருக்கும், அதற்கு ஒரு பொருளும் இராது என்றார். அவை மகிழ்ந்து அதை ஏற்றது. மருதங்கண்ணியார் மட்டும் மெல்லக் கேட்டார். “அப்ப எங்க வீடும் அப்பிடித்தானா?”

ஆகவே தங்கள் கேள்விக்கு என் விடை இது. ஒருவர் வியர்வை சிந்திச் செய்த படகில் அவர் பெயர் நிலைக்க வேண்டுமானால் நிலைக்கட்டும். எவர் பாடுபட்டார் என்பதை மறக்காதிருக்க ஒரு பதிவு இருப்பதில் தீங்கில்லை. ஆனால் அந்தப் பதிவு அவரவர் வீட்டைக் காக்கும் என்று குடிகளுக்கு வாக்களிக்க வேண்டாம். அது பட்டாவைக் காக்கும். வீடு அன்றும் இன்றும் சிற்பிகளின் கையில்தான் இருக்கிறது. மகுடம், பதவி, பெயர், பகை, சபதம் இவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் பூட்ட ஒப்பாதீர்கள். கூத்து முடிந்தும் அரிதாரம் கலையாது என்றால் எவன் கூத்தாட வருவான். நாம் இந்த ஆட்டத்துக்கு வருவது வேறொருவராக இருந்து பார்க்க. அலுத்தால் அதையும் கழற்றிவிட்டு இன்னொருவராகப் போக. அதைக் கெடுக்கும் எந்தக் கலையும், எத்துணை நேர்த்தியாயினும், இங்கே பொருந்தாது.

தங்கள் தூதர் விடைபெறும்போது, பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். தங்கள் கீழைத்துறையில் பெயர் சொல்லாத ஓர் ஓடக்காரி இருப்பதாகவும், கேட்ட துறையில் விடாமல் வேறு துறையில் இறக்கிவிட்டு, இதுவும் ஊர்தானே என்று சொல்லிச் சிரிப்பதாகவும், இப்போது அந்தச் சிரிப்புக்காகவே வழிதவற ஆட்கள் வரிசையில் நிற்பதாகவும் சொன்னார். எப்போதிலிருந்து, குரல் எப்படி, பின்னால் ஏதேனும் ஓசை கேட்குமா என்று கேட்கக் கேள்விகள் தொண்டை வரை வந்தன. நாக்கைக் கடித்துக்கொண்டு, தூதரிடம் வழித்துணைக்கு ஆள் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். அரசே, அந்த ஓடக்காரி யாராயினும் ஆகுக. தாங்கள் சிற்பிகளுக்குச் சம்மதம் தந்தால், முதலில் அந்தத் துடுப்பு அவர் பெயரில் எழுதப்படும். இன்னொரு நாட்டையும் அவர் விட்டுப் போக வேண்டிவரும். அது நேராதிருக்கவே இவ்வளவும் எழுதினேன். அவரைத் தேட வேண்டாம். எனக்குச் சொல்லி அனுப்பவும் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதன் கீழ் வரும் எங்கள் ஊராணையை, எவர் முகத்தையும் நோக்காமல், எல்லார்க்கும் பொதுவாக, தங்கள் துறைகள் அனைத்திலும் ஒருமுறை படிப்பிக்க வேண்டும்.

ஏழ்துறை நாட்டில் இன்று முதல் அரசி இல்லை, அரியணையும் இல்லை. துறை ஏழும் திறந்திருக்கின்றன. எந்தப் பெயரோடும் வரலாம், பெயரின்றியும் வரலாம், வந்த வேடத்தை வேண்டிய பொழுதில் விடலாம். வந்தவரை முன்பு யாராக இருந்தீர் என்று வினவுகிறவரும், குரலைக் கொண்டு இன்னார் என்று ஊகித்து ஊரில் சொல்கிறவரும், காலில் விழுகிறவரும், திரும்பி வரச்சொல்லி அழுகிறவரும் அன்றே நாட்டைவிட்டு நீங்கக் கடவர். இவ்வாணை அமைச்சன் பெருஞ்சாத்தனையும் கட்டும்.

அப்படியானால் அவர் வந்தது உனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் இரங்கக் கூடும். தெரியாது. இந்த ஆணையை எழுதியபோதே அந்த ஆசையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன். என்றோ ஒரு மாலை யாரோ ஒருவர் என் பக்கத்தில் நின்று இந்தத் தெரு எங்கே போகிறது என்று கேட்பார். நான் சொல்வேன். அவர் போவார். அவராக இருக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும். திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அரசியார் முத்திரையை ஊரார் முன்னிலையில் உடைத்துவிட்டபடியால், என் பெருவிரலை மெழுகில் பதித்து விடுத்தேன். இது ஏழ்துறையார் ஆணை. படிப்பவர் உரக்கப் படிக்க. கேட்பவர் கேட்டும் கேளாதவர்போல் தம் வேலையைப் பார்க்க. வருபவர் வருக.

யார் என்று நான் கேளேன்.

பெருஞ்சாத்தன்
ஓதமங்கலம்